இரண்டாவது கியர் ஏன் அரைகிறது?

பழைய போர்ஷே 911 ஒன்றில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது உள்ளேயிருந்து ஓர் அரைபடும் சத்தம் எழுந்தால், பெரும்பாலான உரிமையாளர்கள் அந்த நொடியிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது, கியர் பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். 1972ஆம் ஆண்டு மாடலில் 2.4 லிட்டர் எஞ்சினோடு வந்து, 1986 மாடல் வரை 911இல் நீடித்த கியர் பாக்ஸின் எண் 915. அந்த எண்ணைச் சொன்னாலே 'சிங்க்ரோ பலவீனம்' என்று பதில் வரும் அளவுக்கு அதன் பெயர் கெட்டிருக்கிறது. இந்தத் தீர்ப்பு முழுப் பொய் அல்ல. ஆனால் விசாரணைக்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு அது. அரைபடும் சத்தம் நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பாகங்கள், சந்தித்த கணத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. ஏன் வேகம் ஒத்துப்போகவில்லை என்பதை அந்தச் சத்தம் சொல்வதில்லை. கிளட்ச், கியர் கம்பி இணைப்புகள், ஆயில், சிங்க்ரோ ஆகிய நான்கில் எது தவறினாலும் ஓட்டுநரின் காதுக்கும் கைக்கும் ஏறக்குறைய ஒரே புகார்தான் வந்து சேரும். சிங்க்ரோவுக்காகக் கியர் பாக்ஸைத் திறப்பது இந்த நான்கில் மிகச் செலவான முடிவு. மற்ற மூன்றையும் சோதனையால் விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. அந்த இயந்திரம் வேலை செய்யும் விதமே அந்த வரிசையைக் கேட்கிறது.

கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் நகர்ந்து போய் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 915 போன்ற பெட்டியில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் சக்கர ஜோடிகள் எப்போதும் கோத்தபடியேதான் சுழல்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் ஷாஃப்டின் மீது கட்டுப்பாடின்றி உருளும். அதை ஷாஃப்டோடு பூட்டுவதே கியர் போடுவது. பூட்டும் வேலையை ஸ்லீவ் என்ற உருளை செய்கிறது. ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் அது பக்கவாட்டில் நகர்ந்து, சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு பூட்டுப் பற்களில் ஏறிக்கொள்கிறது. இந்த இரண்டு தரப்புகளில் ஒன்று, பின் சக்கரங்களோடும் அவற்றின் வழியாக ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காரோடும் கட்டப்பட்டது. கியர் மாற்றும் அரை விநாடியில் அதன் வேகம் மாறாது. இன்னொரு தரப்பு கிளட்ச் தட்டும், உள்வரும் ஷாஃப்டும், அதோடு சுழலும் சக்கரங்களும். சில கிலோ எடைதான். கிளட்ச் மிதி அழுத்தப்பட்டு எஞ்சினிலிருந்து விடுபட்டிருக்கும் அந்தக் கணத்தில் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தத் தரப்புதான். இது நடக்க, எஞ்சின் உண்மையிலேயே விடுபட்டிருக்க வேண்டும். வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோவின் உராய்வு போதுமானதாக இருக்க வேண்டும். ஓட்டுநரின் கை கொடுக்கும் அசைவு ஸ்லீவுக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும். முதலாவது கிளட்சின் பொறுப்பு. இரண்டாவது சிங்க்ரோவும் ஆயிலும் பங்கிட்டுக்கொள்வது. மூன்றாவது கம்பி இணைப்புகளுடையது.

சிங்க்ரோ என்ற ஏற்பாட்டை விற்பனைக் காரில் முதலில் கொண்டுவந்தது அமெரிக்காவின் காடிலாக், 1928இல். கூம்பு வடிவ வளையம் ஒன்று சக்கரத்தின் கூம்பு முகத்தோடு உராய்ந்து வேகத்தைச் சமன்செய்யும்; அந்த வழியில் வளர்ந்து வந்ததே இன்று பல மேனுவல் கியர் கார்களில் உள்ள பித்தளை வளையம். போர்ஷே வேறு வழியில் போனது. 1952இல் 356 காரில் அறிமுகமான அதன் ஏற்பாட்டில், பூட்டுப் பற்களுக்கு அருகே வாய் திறந்த வளையல் போன்ற எஃகு வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். மேல் பரப்பில் மாலிப்டினம் பூச்சு. ஸ்லீவ் நகர்ந்து வந்து அந்த வளையத்தைத் தொட்டதும் உராய்வு வளையத்தைச் சுழற்சித் திசையில் இழுக்கிறது. வளையத்தின் ஒரு முனை உள்ளே இருக்கும் சிறு கட்டையில் முட்டுகிறது. கட்டை ஒரு பட்டையைத் தள்ளுகிறது. பட்டை வளையத்தை உள்ளிருந்து விரிக்கிறது. விரிந்த வளையம் ஸ்லீவை இன்னும் கெட்டியாக எதிர்க்கிறது. வேக வித்தியாசம் இருக்கும்வரை அந்த எதிர்ப்பு தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்ளும். வேகம் சமமானதும் விரிக்கும் விசை மறைந்து, வளையம் சுருங்கி, ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு பற்களில் ஏறிவிடும். நுணுக்கமான, அழகான ஏற்பாடு. ஆல்ஃபா ரோமியோ தன் ஜூலியா கார்களில் இதே வகையைப் பயன்படுத்தியது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவசரமான கையால் வளையத்தின் எதிர்ப்பை மீறித் தள்ளிவிட முடியும். அப்படித் தள்ளும் ஒவ்வொரு முறையும் மாலிப்டினம் பூச்சும் பூட்டுப் பற்களின் கூர்மையும் சிறிது குறையும். 915 மெல்லத் தயங்கி மாற்றும் கையை விரும்புகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கு இயற்பியல் காரணம் இதுவே.

இனி ஒரு கணக்கு. 915இன் வழக்கமான விகிதங்களில் முதல் கியர் 3.18, இரண்டாவது 1.83, மூன்றாவது 1.26, நான்காவது 0.96. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இருக்கும்போது முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் உள்வரும் ஷாஃப்ட் சுமார் 2,880 சுற்றுக்கு இறங்க வேண்டும். 2,120 சுற்று வீழ்ச்சி. இரண்டிலிருந்து மூன்றுக்கு வீழ்ச்சி சுமார் 1,560. மூன்றிலிருந்து நான்குக்கு ஏறக்குறைய 1,190. சிங்க்ரோ வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் இந்த வித்தியாசத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே இரண்டாவது கியரின் வளையம் ஒவ்வொரு மாற்றத்திலும் நான்காவதின் வளையத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக உழைக்கிறது. நகர நெரிசலில் அது உழைக்கும் தடவைகளும் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் காரில் இரண்டிலிருந்து முதலுக்கு இறக்குவது இன்னும் கொடுமை: இரண்டாவதில் 3,000 சுற்றில் போகும் காரை முதலுக்குக் கொண்டுபோனால் ஷாஃப்டை 5,200 சுற்றுக்கு ஏற்றும் வேலை சிங்க்ரோவின் தலையில் விழுகிறது.

நோயறிதலுக்கு மிகப் பயனுள்ள செய்தியை இந்தக் கணக்கு தருகிறது. தேய்மானம்தான் காரணம் என்றால் அது கியருக்குக் கியர் ஏற்றத்தாழ்வாக இருக்க வேண்டும். முதலும் இரண்டும் முன்னதாகக் களைக்கும். நான்கும் ஐந்தும் நெடுநாள் தாங்கும். இரண்டாவது மட்டும் அரைகிறது, மற்றவை அமைதியாக விழுகின்றன என்றால் அந்தக் கியரின் வளையத்தைச் சந்தேகிப்பது நியாயம். இரண்டும் மூன்றும் நான்கும் ஒரே மாதிரி அரைகின்றன என்றால், வெவ்வேறு அளவு உழைத்த மூன்று வளையங்கள் ஒரே காலத்தில் ஒரே அளவு தேய்ந்துபோயின என்று நம்ப வேண்டியிருக்கும். மூன்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்தும். பொதுவானவை கிளட்சும் ஆயிலும் கம்பி இணைப்புகளும்தான். பலர் இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் கியர் பாக்ஸைக் கழற்றத் தொடங்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டாலே விடை பாதி கிடைத்துவிடும்.

பொதுவான மூன்றில் கிளட்ச் முதலில் வர வேண்டும், ஏனென்றால் அது சரியில்லாத நிலையில் மற்ற எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது. சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. 915இல் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. ஆகவே அது ஒளிவுமறைவற்ற சாட்சி. காரை நன்றாக ஓட்டி ஆயில் சூடானபின் நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் இருக்க, நியூட்ரலில் கிளட்சை முழுக்க மிதித்துச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து விடுபட்ட உள் ஷாஃப்ட் அதற்குள் தானாக நின்றிருக்கும். பிறகு ரிவர்ஸ் போட்டால் சத்தமின்றி விழ வேண்டும். அரைந்தால் ஷாஃப்ட் இன்னும் சுழல்கிறது, அதாவது எஞ்சின் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆயில் சூடாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. குளிர்ந்த கெட்டி ஆயில் சுழலும் ஷாஃப்டைத் தானே பிடித்து நிறுத்திவிடும்; இலேசான கிளட்ச் இழுவை அதற்குள் மறைந்துபோகும். ஓடும் காரில் செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் இருக்கிறது. கிளட்சை மிதித்தபடி, ஒரு முறை எஞ்சினை ஐடிலுக்கு விட்டும், இன்னொரு முறை ஆக்ஸிலரேட்டரால் சுற்றை உயரத்தில் பிடித்தும், அதே வேகத்தில் அதே கியரைப் போட்டுப் பார்ப்பது. கிளட்ச் முழுதாக விடுபட்டிருந்தால் எஞ்சின் எந்தச் சுற்றில் இருந்தாலும் கியர் பாக்ஸுக்கு அது தெரியவே கூடாது. தெரிகிறது என்றால், சிங்க்ரோ ஷாஃப்டை ஒரு பக்கம் திருப்ப முயலும்போது எஞ்சின் அதை மறுபக்கம் இழுக்கிறது என்று பொருள்.

இழுவைக்கு 911இல் காரணங்கள் பல. இந்தத் தலைமுறையில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. கேபிள் நீண்டாலும், மிதியின் அச்சைத் தாங்கும் புஷ்கள் தேய்ந்தாலும், பின்னால் ரிலீஸ் ஃபோர்க்கின் தாங்கிகள் வறண்டாலும், கால் முழுக்க அழுந்தியும் பிரஷர் பிளேட் முழுக்க விலகாது. 1978இல் வந்த 911 எஸ்சி மாடலின் கிளட்ச் தட்டின் நடுவில் அதிர்வைத் தணிக்க ரப்பர் வைத்திருந்தார்கள். வயதான ரப்பர் சிதைந்து, துண்டுகள் இடையில் சிக்கி கிளட்சை விடுபடவிடாமல் செய்வது அந்தக் கார்களில் நன்கு அறியப்பட்ட கோளாறு. இவற்றை எல்லாம்விட ஏமாற்றுவது பைலட் பேரிங். உள்வரும் ஷாஃப்டின் முனை எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறு பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அது இறுகிவிட்டால், கிளட்ச் தட்டு அப்பழுக்கின்றி விலகியிருந்தும், எஞ்சின் அந்த முனையைப் பிடித்து ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கேபிளை எத்தனை முறை முறுக்கிச் சரிசெய்தாலும் இது தீராது. இப்படி இழுவையோடு ஓடும் காரில் புது சிங்க்ரோ போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. சில கிலோ சுழல் பொருளை நிறுத்த வடிவமைத்த வளையம், எஞ்சினோடு மல்லுக்கட்டி மீண்டும் தேயும்.

கம்பி இணைப்புகளின் கோளாறு சற்று வேறு முகம் காட்டும். எஞ்சினும் கியர் பாக்ஸும் பின்னால் இருக்கும் காரில், கியர் லீவரின் அசைவு நடுச்சுரங்கத்துக்குள் ஓடும் நீண்ட கம்பி வழியாகப் பின்னே போக வேண்டும். லீவரின் அடியில் ஒரு பந்துக் கிண்ணம். பின் இருக்கைகளுக்கு முன்னால் ஒரு சிறு மூடிக்குக் கீழே இணைப்பு ஒன்று. இரண்டிலும் பிளாஸ்டிக் புஷ்கள். நாற்பது, ஐம்பது ஆண்டு வெப்பத்தில் அவை வெடித்து உதிர்ந்துபோவது இயல்பு. அப்போது கியர் அரைவதைவிட, கியர் இருக்கும் இடமே தெரியாமல் போகும். மூன்றாவதைத் தேடினால் ஐந்தாவது கிடைக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்தால் இது வெளிப்படும். எதுவும் சுழலாதபோதும் கியர் தெளிவாக விழவில்லை என்றால் சிங்க்ரோவைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. (பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் ஒன்றிரண்டு முறை அடைபடுவது சகஜம், காரை ஓர் அங்குலம் உருட்டினால் விழுந்துவிடும்.) இணைப்பின் பிடிப்பு கோணம் மாறியிருந்தாலும் இதே நிலைதான். இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அசைவின் ஒரு பகுதி தேய்ந்த புஷ்ஷில் தொலைந்துபோவதால் ஸ்லீவ் பூட்டுப் பற்களில் பாதி தூரமே ஏறும். அந்தப் பாதிப் பிடியில் எஞ்சினின் முழு முறுக்கையும் தாங்கி ஓடும் பற்கள் விளிம்பில் உருண்டைப்படும். உருண்டைப்பட்டபின் கியர் தானாகவே நியூட்ரலுக்கு விழத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் புஷ்ஷை மாற்றினாலும் பயனில்லை. மலிவான ஒரு பிளாஸ்டிக் துண்டை அலட்சியம் செய்ததற்குக் கியர் பாக்ஸின் உட்பாகங்களால் விலை கொடுக்க நேர்கிறது.

ஆயிலை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆயில் சிங்க்ரோவைக் காப்பாற்றாது என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. வளையமும் ஸ்லீவும் உராயும் இடத்திலிருந்து ஆயில் படலம் நொடிக்குள் பிழியப்பட்டு வெளியேற வேண்டும். மிகக் கெட்டியான ஆயில் வெளியேறத் தாமதிக்கும், மிக வழுக்கலான சேர்மங்கள் கொண்ட ஆயில் உராய்வையே குறைக்கும். ஜிஎல்-5 வகை ஆயில்களில் பற்களைக் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதல். 915இல் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களும் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால் அந்தப் பாதுகாப்பும் ஓரளவு தேவை. ஆகவே சிங்க்ரோவுக்கு ஒத்துவரும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆயிலைப் போடுவதே சரி. காரைக் கிளப்பிய முதல் சில கிலோமீட்டரில் மட்டும் தொல்லை, சூடானபின் சுத்தம் என்றால் ஆயிலின் கைவரிசை தெரிகிறது. அதிலும் ஒரு நுணுக்கம்: கெட்டி ஆயில் ஷாஃப்டை மெதுவாக்கும் திசையில்தான் இழுக்கும். கியரை ஏற்றும்போது அது சிங்க்ரோவுக்குத் துணை, இறக்கும்போது பகை. குளிரில் இறக்கும்போது மட்டும் முரண்டு பிடிக்கும் கியர் பாக்ஸ் நோயாளி ஆகாது. சூடானபின்னும் அரைவதை ஆயில் ஒன்றால் மட்டும் ஆற்ற முடியாது. ஆனால் வடிக்கும்போது காந்தம் பொருத்திய திருகாணியைப் பார்க்கலாம். மாவு போன்ற கருஞ்சாம்பல் பூச்சு வயதின் அடையாளம். நகத்தில் நெருடும் எஃகுத் துணுக்குகள் இருந்தால் பூட்டுப் பற்கள் உடைய ஆரம்பித்திருக்கலாம்.

கிளட்சும் இணைப்பும் ஆயிலும் குற்றமற்றவை என்று தெரிந்தபின்தான் சிங்க்ரோவை நேரடியாகச் சோதிக்க முடியும். அதற்கு வழி, சிங்க்ரோவுக்கு வேலையே கொடுக்காமல் கியர் மாற்றுவது. லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்று சொல்லும் முறை: நியூட்ரலில் கிளட்சை விட்டு, எஞ்சின் சுற்றை அடுத்த கியருக்கு ஏற்றபடி கொண்டுவந்து, மறுபடி மிதித்துக் கியர் போடுவது. வழக்கமாக அரையும் கியர் இப்படிச் செய்யும்போது மௌனமாக விழுந்தால், சமன்செய்யும் பாகம்தான் வேலை செய்யவில்லை. இந்தச் சோதனையை முதலில் செய்பவர்கள் ஏமாறுவார்கள். எஞ்சின் சுற்றும் கியரின் தேவையும் ஒத்துப்போகும்போது கிளட்ச் இழுவையும் தீங்கற்றதாகிவிடும். இழுவையுள்ள கார் சிங்க்ரோ கெட்ட கார் போலவே நடிக்கும். சோதனைகளின் வரிசை முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் கை இதையெல்லாம் ஒரே ஓட்டத்தில் உணர்ந்துவிடும், இவ்வளவு சோதனை எதற்கு என்று கேட்கலாம். தேர்ந்த கையை நான் மதிக்கிறேன். ஆனால் அது உணர்வதும் இந்த வேறுபாடுகளைத்தான்: எந்தக் கியர், சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா. சோதனை அந்த உணர்வைப் பிறரும் சரிபார்க்கக்கூடிய சான்றாக மாற்றுகிறது. இன்னொரு எதிர்ப்பு கனமானது. 911இல் கிளட்சைப் பார்ப்பதென்றாலே எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து கீழே இறங்க வேண்டும். இறங்கியபின் இரண்டையும் சேர்த்துப் புதுப்பிப்பதே லாபம், தனித்தனியாகக் காரணம் தேடுவது வீண். பணக்கணக்கில் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மிதியின் புஷ்களும், சுரங்கத்தில் உள்ள இணைப்பும், பந்துக் கிண்ணமும் எஞ்சினோடு கீழே இறங்குவதில்லை. அவை காரிலேயே தங்கிவிடுகின்றன. 'எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம்' என்ற நிம்மதியில் மறக்கப்படுபவை அவைதான். இரண்டு கோளாறுகள் ஒன்றாக இருந்தால் என்ன என்பதற்கும் இதுவே பதில்: வெளியே இருப்பதை முதலில் தீர்த்துவிட்டு மறுபடி சோதித்தால் மிஞ்சியிருப்பது தெளிவாகத் தெரியும்.

1987 மாடலில் போர்ஷே 915ஐக் கைவிட்டு, கெட்ராக் தயாரித்த ஜி50 கியர் பாக்ஸுக்கு மாறியதை 915இன் சிங்க்ரோ பலவீனத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஜி50இல் கூம்பு வளைய சிங்க்ரோ வந்தது உண்மை. அதே மாடலில் கேபிளை நீக்கிவிட்டு ஹைட்ராலிக் கிளட்சும் வந்தது என்பதை அந்த வாதம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஜி50 இலகுவாக விழுகிறது என்ற பாராட்டில் எவ்வளவு வளையத்துக்கு, எவ்வளவு கிளட்சுக்கு என்று காரை ஓட்டிப் பார்த்துப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் மாறின.

எல்லாச் சோதனைகளும் முடிந்து, சூடான ஆயிலில், ரிவர்ஸ் மௌனமாக விழும் காரில், இரண்டாவது கியர் மட்டும் இன்னும் அரைந்து, டபுள் கிளட்சில் மட்டும் அடங்கினால், கியர் பாக்ஸைத் தயங்காமல் திறக்கலாம். தள்ளிப்போடுவது அப்போது தவறு. வளையத்தின் மாலிப்டினம் பூச்சு வழுவழுப்பாகி, பூட்டுப் பற்கள் இன்னும் கூர்மையாக இருந்தால் வளையத்தையும் அதன் உட்பட்டைகளையும் மாற்றினால் போதும். பற்களின் முனை மழுங்கியிருந்தால் சக்கரத்தின் மீது அழுத்திப் பொருத்தப்பட்ட பல்வளையத்தையும், எதிரே அதோடு உரசிய ஸ்லீவையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ஸ்லீவைப் புது வளையத்தோடு விட்டுவைத்தால் அதன் தேய்ந்த விளிம்பு புது வளையத்தைச் சீக்கிரமே அரித்துவிடும்.